“ஆடு” என்னும் எனது அட்டையைச் சதுப்பில் விடாதிருக்குமாறு வேண்டுதல்

அனுப்புநர்:
இராக்கன் சோலைமலை,
ஆற்றோரப் பாதை, பாலத்தடி,
கட்டுகஸ்தோட்டை, கண்டி.
(விளையாட்டில் எனது பெயர்: சோலை)

பெறுநர்:
துணைவிலங்குப் பொறுப்பதிகாரி,
முறைப்பாட்டுப் பிரிவு,
“மூடுபனி நாடு” இணைய விளையாட்டு.

விடயம்: சந்தேகத்தின் பேரில் கூண்டில் அடைக்கப்பட்டுள்ள, “ஆடு” என்னும் பெயருடைய எனது வளர்ப்பு அட்டையை விடுவித்தல்.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா அவர்களுக்கு,

இம்மனுவின் எழுத்துக்கள் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருப்பதற்கும், வரிகள் மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்குவதற்கும் முதலில் மன்னிப்புக் கோருகிறேன். எனக்கு எழுபத்திரண்டு வயது. எழுதக் கற்று இன்னும் ஓராண்டு நிறையவில்லை. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துப் பழகிய கைக்குப் பேனை மிகவும் இலேசாக இருப்பதால், சில இடங்களில் அது என்னைக் கேளாமலே ஓடிவிடுகிறது.

இதற்கு முன்னும் நான் பல மனுக்கள் கொடுத்தவன். அவை எல்லாவற்றையும் கச்சேரி வாசலில் இருக்கும் மனு எழுதுபவர்கள் எழுதினார்கள். நான் பெருவிரலை வைத்தேன். ஒருமுறை நாங்கள் குடியிருந்த லயத்துக் கூரைக்குத் தகரம் கேட்டு மனு எழுதுவித்தேன். பிறகு அதை ஒருவர் வாசிக்கக் கேட்டபோதுதான் எனக்கு ஆறு பிள்ளைகளும் ஒரு குருட்டுக் கண்ணும் இருப்பது தெரிய வந்தது. இம்மனுவில் அப்படி ஒன்றும் இல்லை. சொற்கள் யாவும் என்னுடையவை. எழுத்துப் பிழைகளை மட்டும் எங்கள் றஞ்சனா ரீச்சர் பென்சிலால் வட்டமிட்டுத் தந்தார், திருத்தியது நானே.

இக்கடதாசியைப் பாலத்தடியில் கொமினிகேசன் கடை வைத்திருக்கும் ரிஸ்னா படம் பிடித்துத் தங்கள் பிரிவுக்கு அனுப்பி வைப்பார். அங்கே முறைப்பாடுகளை முதலில் ஓர் இயந்திரம்தான் வாசிக்கும் என்று அவர் சொல்கிறார். அப்படியாயின், அந்த இயந்திரம் தயவுசெய்து இதை ஒரு மனிதரிடம் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1. மூடுபனி நாட்டைப் பற்றித் தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் இம்மனு வேறோர் அதிகாரியின் கைக்கும் போகலாம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அது கணினிக்குள் இருக்கும் ஒரு நாடு. பல ஊர்களில் இருந்து ஆட்கள் அங்கே உருவமெடுத்து நடமாடுகிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு துணைவிலங்கை வைத்துக்கொள்ளலாம். நரி, பருந்து, சிறகு முளைத்த குதிரை, நெருப்புக் கக்கும் பல்லி ஆகியவற்றை அதிகமானோர் வைத்திருக்கிறார்கள். அவற்றை எழுத்தால் பழக்க வேண்டும். திரையின் அடியில் ஒரு சொல்லை எழுத, விலங்கு தற்செயலாக அதன்படி செய்தால் உடனே தீனி கொடுக்க வேண்டும். பலமுறை இப்படி நடந்தால் அந்தச் சொல் விலங்கின் மனதில் பதிந்துவிடும்.

2. நான் கம்பளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கவ்வாத்து வேலை செய்து ஓய்வு பெற்றவன். இப்போது மனைவி பேச்சியம்மாவுடன் கட்டுகஸ்தோட்டையில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் நடக்கும் முதியோர் வகுப்புக்குப் போகிறேன். அதை நடத்தும் றஞ்சனா ரீச்சர் யாழ்ப்பாணத்தவர். “ஐயா, எழுத்தைக் கண்ட இடத்தில நிண்டு வாசியுங்கோ. அவசரப்படாதேங்கோ, அது எங்கயும் ஓடிப்போகாது” என்பது அவருடைய கட்டளை. அதன்படி பஸ் பலகைகள், பாண் சுற்றிய தாள், மருந்துப் போத்தல் எல்லாவற்றையும் வாசித்து வந்தேன். ரிஸ்னாவின் கடைக் கணினியில் தமிழ் எழுத்துக்கள் ஓடுவதைக் கண்டதும் அங்கேயும் நின்று வாசித்தேன்.

அப்போது கணினி முன்னால் இருந்தவர் ஷிஹாப் என்னும் ஆட்டோக்காரர். மூடுபனி நாட்டில் சிறகுக் குதிரை வைத்திருப்பவர். அவர் திரும்பிப் பார்த்து, “எனத்துக்கு ஐயா பொடறிக்குப் பின்னால நின்டு முணுமுணுக்கிறீங்க? வந்து மத்த மெசின்ல உக்காருங்க, ஒங்களுக்கும் ஒரு ஆள உண்டாக்கித் தாறன்” என்றார். இவ்வாறாகவே நான் தங்கள் நாட்டுக்குள் வந்தேன். யாருடைய தூண்டுதலும், உள்நோக்கமும் இதில் கிடையாது.

3. சம்பவம் நடந்த இடம் கீழ்ச்சதுப்பு. புதிதாக வருபவர்கள் எல்லோரும் அதைக் கடந்துதான் ஊருக்குள் போக வேண்டும். வாசலில் ஆளுக்கொரு பை உப்புக் கொடுக்கிறார்கள். அங்கே அட்டைகள் கடிக்கும். உப்புத் தூவிக் கொன்றால் புள்ளிகள் சேரும்.

என்னையும் ஓர் அட்டை கடித்தது. உடனே திரையில் வரிகள் தோன்றின. நான் ரீச்சர் சொன்னபடி முதல் எழுத்தில் இருந்து தொடங்கினேன். “அட்டை உங்களைக் கடித்துவிட்டது” என்பதை வாசித்து முடித்தேன். அடுத்தது, “உயிர் குறைகிறது” என்பது. அதன் பிறகு “பிடுங்கி எறிய இங்கே அழுத்தவும்” என்றிருந்தது. “பிடுங்கி” என்ற சொல்லில் எனக்குச் சற்று நேரம் பிடித்தது. பக்கத்தில் இருந்து ஷிஹாப், “ஐயா, அமத்துங்க! அமத்துங்க! மௌத்தாகப் போறீங்க!” என்று கத்தினார். வாசித்து முடிக்காத ஒன்றில் கை வைப்பதில்லை என்று, பெருவிரல் வைத்துப் பட்ட அனுபவத்தால், நான் தீர்மானித்திருந்தேன். எனவே தொடர்ந்து வாசித்தேன். “உப்புத் தூவ” என்ற இடத்துக்கு நான் வந்து சேர்வதற்குள் அட்டை வயிறு நிரம்பித் தானாகவே கீழே விழுந்துவிட்டது. என் உயிர்க்கோடு நூல் அளவில் மிஞ்சி இருந்தது.

அப்போது புதிதாக ஒரு வரி வந்தது. அதை ஷிஹாப்தான் முதலில் வாசித்தார். நானும் பிறகு வாசித்து உறுதி செய்தேன். “அட்டை பசியாறியது. அது உங்களை விட்டுப் போக மறுக்கிறது. ஒரு பெயர் சூட்டுங்கள்.”

அந்தக் காலத்தில் எனக்குப் பார்க்காமல் எழுதத் தெரிந்த சொற்கள் அம்மா, ஆடு, இலை. அம்மா என்று வைக்க மனம் வரவில்லை. இலை என்பதில் லை எழுத்தைத் தேட வேண்டும். அட்டைக்கு ஆடு என்று பெயர் வந்தது இப்படித்தான்.

4. தோட்டத்தில் எங்களுக்கு அட்டை மேல் எந்த அன்பும் இருந்ததில்லை என்பதை உண்மையாகத் தெரிவித்துக்கொள்கிறேன். மழைக்காலத்தில் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு மலைக்கு ஏறுவோம். பேச்சியம்மாவின் கணுக்காலில் அட்டை கடித்த தழும்புகள் இன்றும் இருக்கின்றன. நான் வளர்க்கும் பிராணி எதுவென்று கேள்விப்பட்ட அன்று, “ஏங்க, மலையில இத்தன வருசம் கடிச்சது பத்தலையா? இப்ப கடைக்குப் போயி உக்காந்து கடி வாங்கிட்டு வர்றீங்களா?” என்றார். ஆனால் கொஞ்ச நாளில் நான் வீட்டுக்கு வந்ததும் அவரே, “ஆடு இன்னைக்குத் தின்னுச்சா?” என்று கேட்கத் தொடங்கினார். இதைக் கேட்ட பக்கத்து வீட்டு அஸீமா, எங்களிடம் உண்மையிலேயே ஆடு இருக்கிறது என்று நினைத்து ஒரு கட்டுப் பலா இலை கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். விடயத்தை விளக்கிச் சொல்ல எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. அந்த இலை இரண்டு நாள் அங்கேயே கிடந்தது.

5. பயிற்சியைப் பற்றி. அட்டை சீக்கிரத்தில் கற்கும் பிராணி அன்று, நானும் அப்படியே. ஆகவே எங்களுக்குள் அவசரம் இருக்கவில்லை. முதற்சொல் “வா”. ரீச்சர் வகுப்பில் ஒரு சொல்லைக் கற்பித்தால் அதைப் பக்கம் நிறைய எழுதச் சொல்வார். அதே முறையில் நான் திரையின் அடியில் வா, வா, வா என்று எழுதுவேன். ஆடு வாலில் ஊன்றி எழுந்து நின்று தலையை நாலு பக்கமும் ஆட்டித் தேடும். ஈரப் புல்லில் எங்கள் மூச்சுச் சூட்டை மோப்பம் பிடித்து நிற்கும் அட்டையைப் போலவே இருக்கும். தங்கள் அலுவலகத்தில் அதை வரைந்தவர் எப்போதோ மழையில் ஒரு தேயிலை மலையில் நின்றிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அட்டைக்குத் தீனி என்பது எனது உயிரில் ஒரு பங்கு. அதனால் சோலை என்னும் என் உருவம் எப்போதும் வெளிறிப்போய்த்தான் திரியும். ஷிஹாப் சொன்னார்: “என்ட குதிர புல்லுத் திங்கிது. ஒங்கட சாமான் ஒங்களையே திங்கிது. நல்ல யாவாரம் ஐயா!”

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், வழமை போல் “வா” என்று எழுதிவிட்டுக் கையை எடுத்தேன். ஆடு தூரத்தில் ஒரு கல்லின் மேல் இருந்தது. தலையைத் திருப்பியது. பிறகு மடிந்து நிமிர்ந்து, மடிந்து நிமிர்ந்து, நேரே என் காலடிக்கு வந்து நின்றது. நான் என்னை அறியாமல் சத்தம் போட்டுவிட்டேன். அடையாள அட்டையைப் பிரதி எடுக்க வந்திருந்த ஒருவர் திடுக்கிட்டதில் பிரதி கோணலாக விழுந்தது. ரிஸ்னா சிரித்துக்கொண்டே அவருக்கு இன்னொன்று எடுத்துக் கொடுத்தார்.

ஐயா அல்லது அம்மா, வாழ்நாள் முழுவதும் பிறர் எழுதிய துண்டுக் கடதாசிகளின்படி நான் வந்திருக்கிறேன், போயிருக்கிறேன். நான் எழுதியதைக் கண்டு ஒன்று எழுந்து வந்தது அன்றுதான். அது உண்மையான உயிர் அன்று என்பதை அறிவேன். ஷிஹாப் அதைப் பலமுறை எனக்கு ஞாபகப்படுத்தியிருக்கிறார். ஆனால் அவருடைய குதிரை ஒருமுறை குழியில் விழுந்து எழும்பாமல் கிடந்தபோது, தின்ன வாங்கிவைத்த ரோல்ஸைத் தொடாமல் அவர் உட்கார்ந்திருந்ததை நான் கண்டேன்.

அதன் பின் ஆடு “நில்” கற்றது. “ஏறு” கற்றது. மழை பெய்த மாதம் முழுவதும் செலவழித்து “தேடு” கற்றது.

6. சென்ற மாதம் தங்கள் நாட்டில் பனி விழா நடைபெற்றது. கண் தெரியாத மூடுபனியில் வழிதவறிய பயணிகளைத் தேடிக் கண்டுபிடிப்பது போட்டி. பருந்துக்கும் குதிரைக்கும் பனியில் பார்வை இல்லை. ஆடு பார்வையை நம்பும் பிராணி அன்று. சூட்டைத் தேடிப் போவது. நான் “தேடு” என்று எழுதினேன். அது ஒவ்வொருவராகக் கண்டுபிடித்துக்கொண்டே போனது. முடிவில் பெயர்ப்பலகையில் எல்லாருக்கும் மேலே “சோலை, துணை: ஆடு” என்று வந்தது. அதை வாசிக்க எனக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை.

மறுநாள் தங்கள் அறிவித்தல் வந்தது. முத்திரையுடன், நீளமான சொற்களுடன் இருந்தது. எனது பெயருக்கே வந்த அலுவலகக் கடிதம் ஒன்றை நானே வாசிப்பது அதுதான் முதல் தடவை. ஆகையால் கடையில் இருந்த அனைவருக்கும் கேட்கும்படி சந்தோசமாக உரத்து வாசித்தேன். “தங்கள் துணைவிலங்கு முறையற்ற வழியில் பெறப்பட்டதாகச் சந்தேகிக்கப்படுவதால்” என்பதை ஒரு தடங்கலும் இல்லாமல் வாசித்தேன். வாசித்து முடித்து நிமிர்ந்தபோது ரிஸ்னாவின் முகம் வாடியிருந்தது. “ஐயா, இன்னொருக்கா மெதுவா வாசிங்க” என்றார். இரண்டாம் முறை வாசித்தபோதுதான் பொருள் புரிந்தது. திரையில் ஒரு கூண்டுக்குள் ஆடு வாலில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. நான் “வா” என்று எழுதினேன். அது கம்பி வரைக்கும் வந்தது.

முறைப்பாடு செய்தவர் யார் என்று நான் கேட்கவில்லை. வருடக்கணக்காகப் பருந்து பழக்கிய ஒருவர் ஓர் அட்டையிடம் தோற்றால் மனம் வருந்துவார் என்பது எனக்குப் புரிகிறது.

7. குற்றச்சாட்டுகளுக்கு எனது பதில்கள்.

முதலாவது, அட்டை பழக்கக்கூடிய விலங்குகளின் பட்டியலில் இல்லை, ஆகவே நான் அதை ஏதோ சூழ்ச்சியால் பெற்றேன் என்பது. ஐயா அல்லது அம்மா, “அது உங்களை விட்டுப் போக மறுக்கிறது” என்ற வரியை எழுதியவன் நான் இல்லை. அந்த நாளில் எனக்கு அவ்வளவு எழுதத் தெரியாது. தங்கள் அலுவலகத்தில் யாரோ ஒருவர் அதை எழுதி, அட்டை வயிறு நிரம்பி விழும் மட்டும் பொறுத்திருப்பவருக்காக அங்கே வைத்திருக்கிறார். கூட வேலை செய்பவர்களுக்கு அவர் சொல்ல மறந்திருக்கலாம். அல்லது வேலையை விட்டுப் போயிருக்கலாம். மற்றவர்கள் கண்மூடித் திறப்பதற்குள் வாசித்து உப்பைத் தூவிவிடுவதால் அந்த வரியை யாரும் கண்டதில்லை போலும். நான் மெதுவாக வாசிப்பவன், ஆதலால் கண்டேன். அவரை விசாரித்தால் உண்மை தெரியவரும். விசாரிக்கும்போது எனது வணக்கத்தையும் அவருக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இரண்டாவது, ஒரே சொல் ஒரே சீராக மிகப் பல தடவை எழுதப்பட்டிருப்பதால் என் இடத்தில் ஓர் இயந்திரம் வேலை செய்திருக்க வேண்டும் என்பது. அது இயந்திரம் அன்று, வீட்டுப் பாடம். தங்கள் பதிவுகளை மறுபடி பார்க்கும்படி பணிவுடன் கேட்கிறேன். அந்த “வா”க்களுக்கு நடுவே “லா” இருக்கும், வெறும் “வ” இருக்கும், ஓரிடத்தில் “வாஆஆஆ” என்றும் இருக்கும். அது என் விரல் எழும்ப மறந்த நாள். பிழைகளை நான் அழித்து எழுதும் வரை ஆடு காத்திருந்ததும் அந்தப் பதிவில் இருக்கும். இதற்கு ரீச்சரும் ரிஸ்னாவும் சாட்சி சொல்லத் தயார். ஷிஹாப்பும் தயார், ஆனால் அவர் சற்று உரத்துப் பேசுவார்.

8. இனி, என் நித்திரையைக் கெடுக்கும் விடயத்துக்கு வருகிறேன். விசாரணை முடியாவிட்டால் இம்மாத முடிவில் ஆடு “இயற்கை வாழிடத்தில் விடுவிக்கப்படும்” என்று அறிவித்தலில் உள்ளது. அந்த இயற்கை வாழிடம் கீழ்ச்சதுப்பு. அங்கே வருகிறவர்கள் எல்லோருடைய கையிலும் உப்புப் பை இருக்கும்.

சதுப்பில் பிறந்த மற்ற அட்டைகள் ஒளிந்திருந்து கடித்துவிட்டு ஓடிவிடும். ஆடு அப்படிச் செய்யாது. மனிதரைக் கண்டால் எழுந்து நிற்கும். யாராவது தங்கள் குதிரையை, நரியைக் கூப்பிட “வா” என்று எழுதினால், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து மடிந்து நிமிர்ந்து அவர்களுடைய காலடிக்குப் போகும். போய் அங்கே காத்து நிற்கும். அதை இப்படி ஆக்கியவன் நான். மனிதரிடம் வருவதற்கு நான் கற்பித்தேன். மனிதரை விட்டுப் போவதற்குக் கற்பிக்கவில்லை. அதற்குத் தேவை வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதைப் பேச்சியம்மாவிடம் சொன்னபோது, அவர் தன் கணுக்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு, “உப்புப் பட்டா அது எப்புடிச் சுருளும்னு எனக்குத் தெரியும். எழுதுங்க. இன்னைக்கே எழுதுங்க” என்றார். மண்ணெண்ணெய் வாங்கப் போக வேண்டியவர், நான் எழுதும் மேசையை முதலில் துடைத்துத் தந்துவிட்டுப் போனார்.

9. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது பின்வருமாறு.

எனது பதில்களை ஏற்று ஆட்டை என்னிடம் திருப்பித் தர வேண்டும். பனி விழாவில் கிடைத்த முதலிடம் சர்ச்சைக்குரியதாக இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்ப்பலகையை நான் ஒருமுறை வாசித்துவிட்டேன், அது போதும்.

திருப்பித் தர விதி இடம் கொடுக்காவிட்டால், அது கூண்டிலேயே இருக்கட்டும். அதற்கான தீனியை என் உயிரில் இருந்து எடுத்துக்கொள்ள இத்தால் சம்மதம் தெரிவிக்கிறேன்.

கூண்டிலும் இடம் இல்லை, சதுப்பில்தான் விட வேண்டும் என்பது தங்கள் முடிவானால், அதற்கு முன் சில நாட்கள் மட்டும் கூண்டருகே வந்து அதற்கு இன்னும் ஒரு சொல்லைக் கற்பிக்க எனக்கு அனுமதி தர வேண்டும். அந்தச் சொல் “ஓடு”. மனிதரின் காலடி கேட்டதும் எதிர்ப்பக்கம் போக அது பழக வேண்டும். நான் வந்தாலும் அது ஓடத்தான் வேண்டும். அப்படி ஓடும் வரை கற்பிப்பேன்.

தங்கள் முடிவு எதுவானாலும் அடுத்த வாரம் மீண்டும் எழுதுவேன். ஆடு என்னிடம் வந்திருந்தால் நன்றி சொல்லி எழுதுவேன். வராதிருந்தால், எந்த நாளில் வந்து அந்தச் சொல்லைத் தொடங்கலாம் என்று கேட்டு எழுதுவேன்.

இடம்: கட்டுகஸ்தோட்டை
திகதி: 14.09.2025

இங்ஙனம்,
தங்கள் பணிவுள்ள,
இரா. சோலைமலை
(கையொப்பம் என்னுடையது)